பழ வாசனைத் தேநீர் ஏன் இனிப்பதில்லை?

மணமூட்டிய தேநீர் என்பது தேயிலையோடு பூ, பழத்தோல் எண்ணெய், புகை என வேறொரு வாசனையைச் சேர்த்தது. ஏர்ல் கிரே என்ற தேநீர் வகையில் இருப்பது பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெய். சீன மல்லிகைத் தேநீருக்கு, இரவில் விரியும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். இலை மணத்தை உறிஞ்சியதும் பூக்களைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், மணம் தேயிலையை அமுக்குவதில்லை.

சரி, பழ வாசனை வந்தும் ஏன் இனிப்பதில்லை? நாக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகளையே அறியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. விழுங்கும்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சளி பிடித்து மூக்கடைத்தால் சாப்பாடு சப்பென்று ஆகிவிடுமே, அதே காரணம்தான். தேநீரில் சேர்த்தது வாசனை மட்டும், சர்க்கரை இல்லை. துவர்ப்பு அப்படியே நிற்கும். பெர்கமோட் வாசனைத் திரவியங்களிலும் உண்டு என்பதால், ஒருவர் ரசிப்பதை இன்னொருவர் 'சென்ட் குடிப்பது போல' என்று ஒதுக்குவதும் நியாயமே.

அப்புறம், பழப்பெயர் போட்டிருந்தால் காஃபின் இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணத் தேயிலை கலந்திருந்தால் காஃபினும் உண்டு, தேயிலை சேர்க்காமல் செம்பருத்தி, கெமோமில் (சீமைச்சாமந்தி) பூக்களை மட்டும் ஊறவைத்ததில் அது இல்லை.