வேறு மாநிலத்து லீஸ் காரை ஏற்கும்போது வரும் வரிகள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒருவர் பாதியில் விட நினைக்கும் கார் லீஸை, அதாவது மாதத் தவணை கட்டிக் காரை நீண்ட கால வாடகைக்கு ஓட்டும் ஒப்பந்தத்தை, மற்றொருவர் ஏற்றுக்கொள்வது இப்போது நம்மவர்களிடையே பரவலாகியிருக்கிறது. இருவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் சிக்கல் குறைவு. மாநிலம் மாறினால், மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டவர்களுக்குச் சில வாரங்களில் எதிர்பாராத வரி வந்து நிற்கிறது. ஒரு கார் டீலர் அலுவலகத்தில் பதிவு, டைட்டில் என்ற உரிமைப் பத்திரம், வரி ஆகிய வேலைகளை 14 ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (டல்லஸ்): நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பரின் லீஸை ஏற்கப் போகிறேன். இன்னும் 18 மாதங்கள் பாக்கி. வரி முழுவதையும் தொடக்கத்திலேயே கட்டிவிட்டதாக அவர் சொல்கிறார். அப்படியானால் டெக்சஸில் எனக்கு வரி எதுவும் வராது அல்லவா?

பதில்: வரும். உங்கள் நண்பர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் கட்டியது வேறு கணக்கு, டெக்சஸ் கேட்பது வேறு கணக்கு. ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட கார் லீஸுக்கு நியூ ஜெர்சி வரியைத் தொடக்கத்திலேயே வசூலித்துவிடும். விகிதம் 6.625 விழுக்காடு. பெரும்பாலும் மொத்தத் தவணைத் தொகையின் மீதே அது கணக்கிடப்படுகிறது. டெக்சஸோ மாதத் தவணைக்கு வரி போடுவதே இல்லை. லீஸ் நிறுவனம் அந்தக் காரை என்ன விலைக்கு வாங்கியதோ, அந்த முழு விலையின் மீது 6.25 விழுக்காடு கேட்கிறது. டெக்சஸிலேயே தொடங்கும் லீஸில் அது நிறுவனத்தின் மீதான வரி என்றாலும், வெளிமாநில லீஸ் காரை இங்கே கொண்டு வரும்போது அதை ஓட்டுபவர் என்ற முறையில் ஏற்பவரே கட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மாதம் 400 டாலர் வீதம் 36 மாதங்களுக்கு மொத்தத் தவணை 14,400 டாலர்; அதற்கு நியூ ஜெர்சியில் கட்டிய வரி 954 டாலர். அதே காரை நிறுவனம் 36,000 டாலருக்கு வாங்கியிருந்தால் டெக்சஸின் வரி 2,250 டாலர். வேறு மாநிலத்தில் சட்டப்படி கட்டிய வரிக்கு டெக்சஸ் கழிவு தருகிறது என்பதால், ஆதாரம் இருந்தால் மிச்சம் 1,296 டாலர். எஞ்சிய 18 மாதங்களுக்கு அதைப் பிரித்தால் மாதம் 72 டாலர். ஆகவே 400 டாலர் கார் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 472 டாலர் கார். நண்பரிடம் பேரம் பேசும்போது இந்த எண்ணைத்தான் முன்வைக்க வேண்டும்.

‘ஆதாரம் இருந்தால்’ என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வரி அலுவலகத்தில் இருப்பவர் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கழிவு தரமாட்டார். வரி எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் கடிதத்தை லீஸ் நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் முடிந்த பிறகு அந்தக் கடிதத்துக்காக வாரக்கணக்கில் தொலைபேசியில் காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சான் டியேகோ): அடுத்த மாதம் வேலை மாறி டெக்சஸுக்குக் குடிபெயர்கிறோம். இங்கே ஒருவரின் லீஸை ஏற்கும் எண்ணம் இருக்கிறது. போவதற்கு முன் ஏற்பதா, போன பிறகு ஏற்பதா?

பதில்: உங்கள் நிலையில் இந்த வரிசை மிக முக்கியம். டெக்சஸில் புதிதாகக் குடியேறுபவர், ஏற்கெனவே தம் பெயரில் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்த காரையோ லீஸ் காரையோ கொண்டு வந்தால், 6.25 விழுக்காட்டுக்குப் பதிலாகப் புதுக் குடியிருப்பாளர் வரி என்ற 90 டாலரை மட்டும் கட்டினால் போதும். டெக்சஸ்வாசியான பிறகு வெளிமாநில லீஸை ஏற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. முன் கேள்வியில் சொன்ன முழுக் கணக்குதான். நீங்கள் உண்மையாகவே கலிபோர்னியாவில் வசித்து, உண்மையாகவே காரை அங்கே உங்கள் பெயரில் பதிந்து ஓட்டிக்கொண்டிருந்தால், முன்பே ஏற்பது முறையானதும் சிக்கனமானதும் ஆகும். ஆனால் ஒப்பந்த மாற்றத்துக்குப் பல வாரங்கள் ஆகலாம். நிறுவனம் ஒப்புதல் தரும் நாளில் நீங்கள் டெக்சஸில் இருந்தால் சலுகை கைநழுவிவிடும். குடியேறிய பின் பதிவு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): வரி முன்பே கட்டப்பட்டதா, தவணையோடு போகிறதா என்பதை ஒப்பந்தத்தில் எங்கே பார்ப்பது?

பதில்: எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நுகர்வோர் லீஸ் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், மாதத் தவணை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் படிப்படியாகக் காட்ட வேண்டும் என்று கூட்டரசு விதி இருக்கிறது. அந்தப் பகுதியின் அடிப்பக்கம் போங்கள். ‘அடிப்படை மாதத் தவணை’ என்றொரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே ‘மாத விற்பனை அல்லது பயன்பாட்டு வரி’ என்றொரு கட்டம். அதற்கும் கீழே இரண்டும் சேர்ந்த மொத்தம். வரிக்கான கட்டத்தில் தொகை இருந்தால், வரி மாதாமாதம் போகிறது. மாநிலம் மாறும்போது நிறுவனம் அதை நீக்கிவிட்டுப் புது மாநிலத்தின் விகிதத்தைச் சேர்க்கும். அந்தக் கட்டம் காலியாகவோ பூச்சியமாகவோ இருந்தால், கையெழுத்திட்ட அன்று செலுத்திய தொகைகளின் விவரப் பட்டியலையும், காரின் விலையோடு சேர்க்கப்பட்டவற்றின் பட்டியலையும் பாருங்கள். வரி அங்கே ஒளிந்திருக்கும். இரண்டாவது பட்டியலில் இருந்தால் அது கடனாக ஏற்றப்பட்டு, வட்டி போன்ற வாடகைக் கட்டணத்தோடு ஒவ்வொரு தவணையிலும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஏற்பவர் அதையும் சேர்த்தே சுமக்கிறார்.

கேள்வி (பிலடெல்பியா): எனக்கும் நியூ ஜெர்சி லீஸ்தான் கிடைக்கிறது. இங்கே என்ன விகிதம்?

பதில்: பென்சில்வேனியாவில் விற்பனை வரி 6 விழுக்காடு, அதன் மேல் கார் லீஸுக்கென்றே தனியாக 3 விழுக்காடு. பிலடெல்பியா நகரத்தின் 2 விழுக்காட்டையும் சேர்த்தால் 11. அடிப்படைத் தவணை 300 டாலர் என்றால் மாதம் 33 டாலர் கூடும். நான் முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் உங்களைத்தான் நேரடியாகப் பாதிக்கும்: அந்த 300 டாலருக்குள்ளேயே நியூ ஜெர்சியின் வரி கடனாக ஏற்றப்பட்டிருந்தால், வரிக்கு மேல் வரி கட்டும் நிலை வரும். மாற்றத்துக்குப் பிறகு தவணை எவ்வளவு ஆகும் என்பதை, உங்கள் முகவரியைக் கொடுத்து, நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி (சான் ஹோசே): நெவாடாவில் 4,000 மைல் மட்டுமே ஓடிய கார் ஒன்று லீஸ் மாற்றத்துக்கு வருகிறது. கலிபோர்னியாவில் வரி எப்படி?

பதில்: வரி எளிது, நீங்கள் வசிக்கும் இடத்தின் விகிதப்படி, குறைந்தது 7.25 விழுக்காடு, ஒவ்வொரு தவணைக்கும். ஆனால் வரியைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் புகை விதிகளுக்குச் சான்று பெறாத கார், உங்கள் கைக்கு வரும்போது 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால், அதை இங்கே பதிவு செய்யவே முடியாது. எஞ்சின் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் ஒரு புகைச் சான்று ஒட்டுத்தாள் இருக்கும். அதில் கலிபோர்னியா என்ற சொல் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குறைந்த மைல் என்பது மற்ற மாநிலங்களில் வரம். உங்களுக்கு இங்கே அதுவே தடையாகலாம்.

கேள்வி (ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா): லீஸ் காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு என்கிறார்கள். கார் என்னுடையது இல்லையே?

பதில்: கார் நிறுவனத்துடையதுதான். ஆனால் அதன் மீது வரும் சொத்து வரியை நீங்கள் ஏற்பதாகவே பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். பல இடங்களில் பில் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து சில மாதங்கள் கழித்து உங்கள் கணக்கில் ஏறும். சொந்த உபயோகத்துக்கான காராக இருந்தால், 1998-ஆம் ஆண்டின் நிவாரணச் சட்டப்படி மதிப்பில் முதல் 20,000 டாலருக்கான வரியில் ஒரு பகுதியை மாநிலம் ஏற்கிறது. வரியை நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்று ஒப்பந்தம் சொல்லுமானால் லீஸ் காருக்கும் இது பொருந்தும். காரைக் கவுண்டியில் பதியும்போதே சொந்த உபயோகம் என்று குறிப்பிடத் தவறாதீர்கள். கனெடிகட்டிலிருந்து வரும் லீஸ் என்றால் இன்னொரு கவனமும் தேவை: அங்கும் ஊராட்சிகள் கார் வரி விதிக்கின்றன, பழையவர் ஓட்டிய காலத்துக்கான பில் அவர் விலகிய பிறகு வந்து சேரக்கூடும். அதை யார் கட்டுவது என்பதை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வான்கூவர், வாஷிங்டன் மாநிலம்): ஆற்றுக்கு அக்கரையில் ஓரிகானில் உறவினர் இருக்கிறார். அங்கே விற்பனை வரி இல்லை. அவர் முகவரியில் லீஸை ஏற்றால் என்ன?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கார் இரவில் எங்கே நிற்கிறதோ அந்த முகவரியைத்தான் மாநிலமும், லீஸ் நிறுவனமும், காப்பீட்டு நிறுவனமும் கேட்கின்றன. வாஷிங்டனில் வசிப்பவர் வெளிமாநில நம்பர் பிளேட்டோடு ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். வரியோடு அபராதமும் சேரும். இதைவிட எனக்குக் கவலை தருவது காப்பீடு. விபத்து நடந்த பிறகு முகவரி பொய் என்று தெரிந்தால், இழப்பீடு மறுக்கப்படக்கூடும். மாதம் முப்பது நாற்பது டாலருக்காகக் குடும்பத்தை அந்த ஆபத்தில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன்): லீஸ் முடிவில் காரை வாங்கினால், முன்பு கட்டிய வரி கழியுமா?

பதில்: கழியாது. லீஸ் தொடக்கத்தில் கட்டியது நிறுவனம் வாங்கியதற்கான வரி. நீங்கள் வாங்குவது வேறொரு விற்பனை. வாங்கும் விலைக்கு மீண்டும் 6.25 விழுக்காடு உண்டு. காரை இறுதியில் வாங்கும் எண்ணத்தோடுதான் லீஸை ஏற்கிறீர்கள் என்றால், இதையும் இன்றே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (சிகாகோ): புதிய கார்க் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு தருகிறார்களே, ஏற்றுக்கொண்ட லீஸுக்கு அது கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2025 முதல் 2028 வரையிலான அந்தக் கழிவு, புதிய கார் வாங்க எடுத்த கடனின் வட்டிக்கு மட்டுமே. லீஸ் தவணை அதில் சேராது. சொந்தத் தொழிலுக்குக் காரைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு வழி உண்டு. ஆனால் லீஸ் காருக்கு, தொழிலுக்காக ஓட்டிய மைலுக்கு இவ்வளவு என்று கழிக்கும் மைல் கணக்கு முறையைத் தேர்ந்தெடுத்தால், லீஸ் முடியும் வரை அதே முறையில்தான் தொடர வேண்டும்.