பர்ட்விஸில் என்ற பெயர் விசா வாங்கித் தருமா?

கேள்வி: திருச்சி பொன்மலையில் வசிக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் எங்களுடையது. குடும்பப் பெயர் பர்ட்விஸில். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தாத்தா 1961-இல் தமது 63-ஆவது வயதில் காலமானார். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள்; காகிதம் எதுவும் கையில் இல்லை. சென்னை ஏஜென்ட் ஒருவர், “இது மிக அபூர்வமான பெயர். பெயரின் பூர்வீகச் சான்றிதழும் குடும்ப முத்திரையும் எடுத்துத் தருகிறேன். அவற்றைக் காட்டி உங்கள் 24 வயது மகனுக்கு பிரிட்டனின் வம்சாவளி விசா வாங்கிவிடலாம்” என்று 85,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் பெயர் அபூர்வமானது என்பது மட்டும்தான் உண்மை. மற்றவை விசா அதிகாரியின் மேஜையில் செல்லாது.

முதலில் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இந்த விசாவுக்கு, விண்ணப்பிப்பவரின் தாத்தா, பாட்டி நால்வரில் ஒருவராவது பிரிட்டன் மண்ணில் பிறந்திருக்க வேண்டும். உங்கள் தாத்தா உங்கள் மகனுக்குக் கொள்ளுத்தாத்தா. அவர் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே பிறந்திருந்தாலும் உங்கள் மகன் அவரைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. உங்களோடு சார்ந்தவராகப் போகலாமா என்றால், அதற்குப் பிள்ளை 18 வயதுக்குள் இருக்க வேண்டும்; அந்த வயதும் தாண்டிவிட்டது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், தாத்தா அங்கே பிறந்தவர் என்று நிரூபிக்க முடிந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே போய் வேலை செய்யும் எண்ணமும் உடல்நிலையும் உங்களுக்கு இருக்க வேண்டும். பணம் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் வம்சக் கோடு போட்டுப் பார்த்திருந்தால் ஏஜென்டுக்கே இது தெரிந்திருக்கும். தெரிந்தேதான் கேட்டிருப்பார்.

அடுத்தது முத்திரை, அதாவது கேடயச் சின்னம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் வழங்கும் உரிமை லண்டனிலுள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பிடம் இருக்கிறது, 1484-இல் தொடங்கியது. சின்னத்தை ஒரு தனி மனிதருக்குத்தான் தருவார்கள். அவருடைய ஆண்வழி வாரிசுகள் அதைப் பயன்படுத்தலாம். ‘இந்தக் குடும்பப் பெயருக்கு இந்தச் சின்னம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரே பெயர் கொண்ட ஏதோ ஒரு பண்ணையாரின் சின்னத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு விற்கும் கடைகள் இங்கிலாந்திலேயே நிறைய உண்டு. கூடத்தில் மாட்டினால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பெயருக்கு வருவோம். லங்காஷயரில் பர்ன்லி நகருக்கு அருகே, ஹாப்டன், பாடிஹாம் பகுதியில் முன்பு பர்ட்விஸில் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று அது ஊராக இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பிரிட்’ என்றால் பறவைக் குஞ்சு. ‘ட்விஸ்லா’ என்றால் இரண்டு ஓடைகள் கூடும் இடம். நம்மூர் வழக்கில் சொன்னால் குஞ்சுக்கூடல். மதுரை பேச்சில் மருதையாவது போல ‘பிரிட்’ நாளடைவில் ‘பிர்ட்’ ஆனது. அதே வட்டாரத்தின் என்ட்விஸில், ஆஸ்வால்ட்விஸில் போன்ற பெயர்களிலும் இந்தக் கூடல்தான் ஒளிந்திருக்கிறது. ஊர் அழிந்தது, பெயர் மனிதர்களோடு தங்கியது. பக்கத்து ஹன்கோட் கிராமத்தின் பெரிய வீடு இந்தக் குடும்பத்தின் ஒரு கிளையிடம் இருந்தது. அங்கிருந்து மூன்று மைல் தொலைவுக்குள் இருக்கும் அக்ரிங்டனில்தான் இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விஸில் 1934-இல் பிறந்தார். பருத்தி ஆலைகள் அதே பள்ளத்தாக்குகளிலேயே எழுந்ததால் இந்தப் பெயர்க்காரர்கள் பிழைப்புக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

விலகிப் போன ஒரு கிளையும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயரின் ஸ்கிப்டனில் பர்ட்விஸில் என்ற மாட்டு வியாபாரி இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வந்து, மால்ஹாம் அருகே கிரேட் குளோஸ் என்ற மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி விற்றவர். அந்தத் தொடர்பில் இந்தக் குடும்பம் ஸ்காட்லாந்தின் கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற ஊரில் 1785-இல் பருத்தி ஆலை கட்டியது. அங்கே இன்றும் இந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. இந்தக் கிளை பெயரின் நடுவே ‘எச்’ சேர்த்து எழுதியது. உங்கள் தாத்தா இந்த வழியில் ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தால் இங்கிலாந்துப் பதிவேட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டார். ஸ்காட்லாந்தின் பதிவு 1855-இல் தொடங்கிய தனிப் பதிவு.

பெயர் எங்கே அதிகம் என்று காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வைத்து வரையப்பட்டவை. அவற்றில் ஒரு வகை தலைகளை மட்டும் எண்ணும். அதில் ஜனம் மிகுந்த பெருநகரமெல்லாம் கறுத்துத் தெரியும். மக்கள்தொகையில் இத்தனை பேருக்கு இத்தனை பேர் என்ற விகிதத்தைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அதில் பிளாக்பர்ன், ஹாஸ்லிங்டன், பர்ன்லி பதிவு மாவட்டங்கள் பளிச்சென்று தெரியும். இந்த மாவட்டங்கள் ஊர்களின் பெயர்கள் மாத்திரமல்ல என்பதையும் கவனியுங்கள். அக்ரிங்டனில் பிறந்த குழந்தை பிறப்புப் பதிவு அட்டவணையில் ஹாஸ்லிங்டன் என்றே வரும். தாத்தா அக்ரிங்டன்காரர் என்று கேள்விப்பட்டவர்கள் ஹாஸ்லிங்டன் பதிவைத் தள்ளிவிட்டுப் போவது வழக்கமான தவறு.

நாட்டளவில் அபூர்வமான பெயர் அந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். தாத்தாவின் பெயர் ஜான் என்றோ வில்லியம் என்றோ இருந்தால், 1898-ஐ ஒட்டி அதே பெயரில் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று பலர் அகப்படுவார்கள். ஏஜென்டுகள் இதில்தான் காசு பார்க்கிறார்கள். அட்டவணையில் முதலில் கண்ணில் பட்ட ஜானின் சான்றிதழை வரவழைத்து, ‘இதோ உங்கள் தாத்தா’ என்று கொடுத்துவிடுவார்கள். சான்றிதழ் அசலாகத்தான் இருக்கும், ஆள்தான் வேறு. விசா மறுக்கப்படும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

ஆகவே தேடலை இங்கிலாந்தில் தொடங்காமல் இந்தியாவில் தொடங்குங்கள். தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு இந்தியத் தேவாலயம் ஒன்றில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபேமிலிசெர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். 1898-ஐ ஒட்டி அவர் கைக்குழந்தையாக இங்கே ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு கிடைத்தால், அவர் இங்கேதான் பிறந்தவர். அவர் வழியாக விசா இல்லை. லங்காஷயரிலிருந்து கப்பலேறியவர் பல வீடுகளில் தாத்தாவின் தாத்தாவாகத்தான் இருப்பார். அரை மணி நேரத் தேடல் 85,000 ரூபாயை மிச்சம் பிடிக்கும்.

அங்கே கிடைக்காவிட்டால், தாத்தாவின் திருமணப் பதிவை எடுங்கள். எந்தத் தேவாலயத்தில் திருமணம் நடந்ததோ அங்கே பங்குத் தந்தையிடமோ ஆயரிடமோ எழுதிக் கேளுங்கள். அதில் வயது, தொழில், முக்கியமாகத் தகப்பனார் பெயர் இருக்கும். இந்தத் தகப்பனார் பெயர்தான் உங்கள் திறவுகோல். ரயில்வே பணிப்பதிவேட்டின் நகல் வீட்டில் கிடந்தால் அதில் பிறந்த தேதியும் இருக்கலாம்.

பிறகு இங்கிலாந்து. அங்கே பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். 1898-ஐப் போட்டு முன்னும் பின்னும் இரண்டு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது சொன்ன வயது துல்லியமாக இருக்காது. எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்: ‘பி’க்கு அடுத்து ‘ஐ’யா ‘யூ’வா, நடுவில் ‘டி’ ஒலி எந்த எழுத்தில் இருக்கிறது, ‘டபிள்யூ’வுக்குப் பின் ‘எச்’ உண்டா, கடைசி ‘எல்’லுக்கு முன்னால் இன்னொரு ‘டி’ (T) இருக்கிறதா. உச்சரிப்பில் ஊமையாகும் அந்தக் கடைசி ‘டி’யைச் சில எழுத்தர்கள் விட்டுவிட்டார்கள். விசில் என்ற சொல்லை நினைத்துக்கொண்டு ‘எச்’ சேர்த்தவர்களும் உண்டு. ஒலியை வைத்துத் தேடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அட்டவணையில் ஆண்டோடு காலாண்டும் இருக்கும். அது பதிந்த காலாண்டு. பிறந்த மாதத்தைக் காட்டாது. பதிவுக்கு 42 நாள் அவகாசம் உண்டு என்பதால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் வரக்கூடும். மேற்சொன்ன மூன்று மாவட்டங்களுக்கும் அந்தக் காலத்துப் பதிவேட்டுத் தொகுதி எண் 8இ (8e). தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் இந்த அட்டவணை தருகிறது.

பொருந்தக்கூடிய பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். முதலில் இறப்பு அட்டவணை: அதே பெயர், அதே மாவட்டம், வயது பூஜ்யம் முதல் ஐந்து வரை. அந்தக் காலத்தில் குழந்தை இறப்பு மிக அதிகம். பலர் இதிலேயே கழிந்துவிடுவார்கள். அடுத்து 1901, 1911 குடிக்கணக்குகளில் பையன் எந்த வீட்டில், யார் மகனாக இருக்கிறான் என்று பாருங்கள். கடைசியாக 1921 ஜூன் 19 அன்று எடுத்த கணக்கு. உங்கள் தாத்தா அப்போது திருச்சியில் இருந்தார் என்றால், அன்று பர்ன்லியில் நெசவாளியாகப் பதிவானவர் வேறு ஆள். மிஞ்சியவருக்கு மட்டும் சான்றிதழ் வாங்குங்கள். அதிலுள்ள தகப்பனார் பெயரும் தொழிலும் தாத்தாவின் திருமணப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும்.

வாங்கும்போது இன்னொரு குழி. அதே அலுவலகம் மலிவாக டிஜிட்டல் படமும் பிடிஎஃப் நகலும் தருகிறது. அவை ஆளை அடையாளம் காண நல்லவை. சட்டப்படி ஆதாரம் ஆகா. விசாவுக்குக் காகிதத்தில் வரும், பெற்றோர் பெயருள்ள முழுச் சான்றிதழே வேண்டும். பெற்றோர் பெயர் இல்லாத குறுஞ்சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். இணையத்தில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தனியார் தளங்கள் பல மடங்கு விலை சொல்லும். முகவரி ‘கவ் டாட் யூகே’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நேரடியாக வாங்கினால் சான்றிதழுக்கு 12.50 பவுண்டு அளவில்தான் ஆகும்.

இன்னொன்று. பல குடும்பங்கள் வெட்கப்பட்டுப் பின்வாங்கும் இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். தாத்தாவும் பாட்டியும் முறைப்படி திருமணம் செய்துகொண்டதற்குப் பதிவு இல்லையென்றால் என்ன ஆகும்? வம்சாவளி விசாவுக்கு அது தடையே இல்லை. பெற்றோரோ தாத்தா, பாட்டியோ திருமணம் ஆகாதவர்களாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், தத்தெடுக்கப்பட்டிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மாற்றாந்தகப்பன் வழியாக மட்டும் முடியாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய கெடுபிடிக்குச் சட்டப் புத்தகங்களில் நிற்கும் பெரிய வழக்கே பர்ட்விஸில் பெயரில்தான் இருக்கிறது. மேலே சொன்ன மாட்டு வியாபாரக் கிளையில், ஸ்காட்லாந்தில் 1799-இல் ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் 1805-இல்தான் திருமணம் செய்துகொண்டனர். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்தத் திருமணத்தோடு அவன் முறையான வாரிசாகிவிட்டான். ஆனால் இங்கிலாந்திலுள்ள நிலத்துக்கு அவன் வாரிசாக முடியாது என்று, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1840-இல் தீர்த்துவிட்டது. பெற்றோரின் பிந்தைய திருமணம் பிள்ளையை முறையாக்கும் என்பதை இங்கிலாந்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1926-இல். எனவே யாராவது ‘கல்யாணப் பதிவு இல்லையா, அதற்குத் தனியாக ஒரு லட்சம் ஆகும்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருமணப் பதிவு இல்லாதபோது தேவைப்படுவது, உங்கள் தகப்பனாரின் பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் தகப்பன் என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருப்பதுதான்.

அந்தச் சான்றிதழில்தான் நம் பக்கம் இழுபறி தொடங்கும். அந்தக் காலத்து நகராட்சிப் பதிவுகளில் குழந்தையின் பெயர் எழுதாமல் ‘ஆண் குழந்தை’ என்று விட்டிருப்பார்கள். பதிவே இல்லாமலும் போயிருக்கலாம். இல்லையென்றால் ‘பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை’ என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவு பெற்று, அதன்பின் தாமதப் பதிவு. எழுபது, எண்பது வருடத்துக்கு முன் பிறந்தவரின் பிறப்பை யார் நேரில் பார்த்தது என்று கேட்கும் ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்குக் கோப்பு நகர மாதங்கள் ஆகும். லண்டனிலிருந்து 1898-ஆம் ஆண்டுச் சான்றிதழ் சில வாரங்களில் வந்துவிடும். திருச்சியிலிருந்து திருச்சிக்கு வர வேண்டியதுதான் தாமதமாகும். எனவே இந்த விண்ணப்பத்தை இன்றே போடுங்கள். பெயர் எழுத்துகள் தகப்பனார் சான்றிதழில் ஒரு விதமாகவும் உங்களுடையதில் வேறு விதமாகவும் இருந்தால், இருவரும் ஒரே குடும்பம் என்று தனியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள்.