வாக்னர் வரைபடத்தில் அம்புக்குறிகள்

வணக்கம் நண்பரே. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர்மீது யார் யாருடைய தாக்கம் என்று காட்டும் வரைபடத்தில், தத்துவஞானிகள் ஷோபன்ஹவர், நீட்சே இருவரிடமிருந்தும் அவருடைய ‘ரிங்’ இசைநாடகங்களுக்கு அம்புக்குறி போட்டேன், ஆண்டுகள் இடிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இடிக்கத்தான் செய்யும். ‘ரிங்’கின் முழுப் பாடல்வரிகளையும் வாக்னர் 1853-லேயே அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஷோபன்ஹவரை அவர் படித்ததோ 1854-ல், சூரிக்கில், கவிஞர் ஹெர்வெக் சொல்லி. ‘ரிங்’குக்கு வரும் அம்பில் ஷோபன்ஹவருக்குப் பதிலாகத் தத்துவஞானி ஃபாயர்பாஹ் பெயரைப் போடுங்கள். ‘எதிர்காலக் கலைப்படைப்பு’ நூலை வாக்னர் காணிக்கையாக்கியது அவருக்குத்தான். ஷோபன்ஹவரின் அம்பு வாக்னரின் ‘டிரிஸ்டன்’ இசைநாடகத்தின் (1857–59) பக்கம் போகட்டும். பகலை வெறுத்து இரவுக்கு ஏங்கும் அதன் இரண்டாம் அங்கத்தை ஒருமுறை கேளுங்கள், அந்தத் தத்துவம் இசையாகவே வந்து நிற்கும்.

நீட்சேவின் அம்பைத் திருப்பி, வாக்னரிடமிருந்து நீட்சேவுக்குப் போடுங்கள். இருவரும் சந்தித்தது 1868-ல், லைப்சிக்கில். 1872-ல் வந்த நீட்சேவின் முதல் நூல் வாக்னருக்கே அர்ப்பணம். 1878-ல் உறவு முறிந்துவிட்டதால், அதற்குப் பிறகு இருவரையும் இணைக்கும் கோடு வேண்டாம்.

இசையமைப்பாளர் லிஸ்ட்டுக்கு மட்டும் இரண்டு கோடுகள்: 1850-ல் வைமாரில் வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசைநாடகத்தின் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர், 1870 முதல் வாக்னரின் மாமனாரும்கூட. ஓவியர் ரெனுவாரை ஓரமாகச் சின்னதாக வைத்தால் போதும். 1882 ஜனவரியில் பலெர்மோவில் அவர் உருவப்படம் வரைவதற்காக வாக்னர் 35 நிமிடம் உட்கார்ந்ததோடு சரி.