காயத்தை மறைக்காதவர்

கேள்வி: அமெரிக்காவில் நான்சி ஈஸ்லண்ட் என்ற இறையியல் பேராசிரியை ‘ஊனமுற்ற கடவுள்’ என்று புத்தகமே எழுதியிருக்கிறாராமே! கடவுளுக்கு ஊனம் கற்பிப்பது தேவதூஷணம் அல்லவா? பரலோகத்தில் குறையற்ற உடல் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் அல்லவா பறிக்கிறார்?

பதில்: புத்தகத்தின் தலைப்போடு நின்றுவிட்டீர்கள் போலிருக்கிறது. லூக்கா 24-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு, கலங்கி நிற்கும் சீடர்களிடம், “நான்தான் என்று அறியும்படி, என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்” என்கிறார். சாவையே வென்றவருக்கு ஆணிக்காயத்தை மறைக்கத் தெரியாதா? மறைக்கவில்லை; அதையே அடையாளமாகக் காட்டினார். ஈஸ்லண்டின் வாதம் இந்த வசனத்தின்மேல்தான் நிற்கிறது. தூஷணம் என்றால் புகாரை லூக்காவிடம் கொடுங்கள்.

ஈஸ்லண்ட் 1964-ல் வட டகோட்டாவில் பிறந்தவர். பிறவியிலேயே இடுப்பெலும்பில் குறை. 13 வயதுக்குள் 11 அறுவை சிகிச்சை. பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஊனம் இல்லாவிட்டால் தன்னையே தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பது அவர் சொன்ன பதில். நம்பிக்கையை யாரும் பறிக்கவில்லை. குணமானால்தான் முழு மனிதர் என்றால், இன்று சபையில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் அரை மனிதரா என்றுதான் கேட்கிறார்.

1994-ல் வந்த அந்தப் புத்தகம் சபையின் மூன்று பழக்கங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. ஊனத்தைப் பாவத்தோடு முடிச்சுப் போடுவது முதலாவது. யோவான் 9:3-ல் இயேசுவே இதை மறுத்தாயிற்று, நீட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, வேதனையைப் புண்ணியமாக்குவது. இது பாராட்டு வேடத்தில் வருவதால் ஆபத்து அதிகம்: ‘பொறுமையின் சிகரம்’ என்று பட்டம் வாங்கியவர் அதற்குப் பிறகு லிஃப்ட் கேட்டு மனுக் கொடுப்பாரா? மூன்றாவது, தருமம் செய்கிறோம் என்று ஒதுக்கி உட்காரவைப்பது.

மூன்றாவதற்குத் திருவிருந்தையே சாட்சியாக நிறுத்துகிறார். ஊன்றுகோலோடு வந்தால், ‘நீங்கள் எழுந்து வர வேண்டாம்’ என்று பணிவிடைக்காரர் கனிவாகச் சொல்வார். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு அப்பமும் ரசமும் இருக்கைக்கே வரும். கனிவில் குறையில்லை. ஆனால் சபை ஒன்றாகக் கூடும் அந்த ஒரே பந்தியில் இவர் கடைசி ஆள், தனி ஆள்.

தலைப்பின் பின்னணியும் ஒன்று உண்டு. அவர் மனக்கண்ணில் கண்ட கடவுள் சிம்மாசனத்தில் இல்லை. கை, கால் அசையாதவர்கள் வாயிலுள்ள குழாயால் ஓட்டும் சக்கர நாற்காலியில் இருந்தார். பொதுவான அமைப்பில், வலுவாக ஊதினால் வண்டி முன்னே போகும், வலுவாக உறிஞ்சினால் பின்னே. மெல்ல ஊதினால் வலம், மெல்ல உறிஞ்சினால் இடம். மூச்சால் நடக்கும் வண்டி. மண்ணில் மூச்சை ஊதிய கடவுளை ஆதியாகமத்தில் படித்தவர்களுக்கு இது ஏன் அந்நியமாகப்படுகிறதோ!

1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஓட்டலுக்கும் திரையரங்குக்கும் சாய்தளம் கேட்டது. மத நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. பல சபைகள் தாமாகவே வாசலில் சாய்தளம் போட்டன, சரி. பலிபீடத்துக்கு? பிரசங்க மேடைக்கு? வாசலில் மட்டும் போட்டால், இவர் கேட்கத்தான் வருவார், பேச வரமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டதாகப் பொருள்.

சாய்தளத்தின் கணக்கும் கடினமில்லை. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி. அகலம் குறைந்தது 36 அங்குலம், நாற்காலி திரும்ப 60 அங்குல வட்டம். இடமில்லை என்று ஆறடிப் பலகையைச் சாய்த்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். அவ்வளவு இடம் இல்லாத ஆலயத்தில் திருவிருந்து மேசையைப் படிகளுக்குக் கீழே இறக்கி, எல்லோரும் அங்கேயே வாங்கலாம். செலவில்லாத வழி, ஆனால் மேசையை நகர்த்த எத்தனை கமிட்டி கூட வேண்டியிருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

புத்தகத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. கவனம் பெரும்பாலும் உடல் ஊனத்தில்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் இடம் குறைவு. டவுன் சிண்ட்ரோம் பற்றி 2007-ல் எழுதிய ஏமஸ் யோங், ஸ்காட்லாந்தின் ஜான் ஸ்விண்டன் போன்ற இறையியலாளர்கள் அந்தப் பக்கத்தை எழுதினார்கள். உயிர்த்தெழுந்தபின் பூட்டிய அறைக்குள்ளும் வந்து நின்ற இயேசுவை ஊனமுற்றவர் என்று எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். நீங்கள் கேட்டது அதையல்ல.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஈஸ்லண்ட், 2009 மார்ச்சில் 44 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் கிடைத்தால் முழுதும் படியுங்கள். அதன்பிறகும் கோபம் இருந்தால் எழுதுங்கள், அச்சிடுகிறேன்.