கத்தியின் எஃகு, விலை, விளம்பரம்: வாசகர் கேள்விகள்

குன்னூரில் சாணைப் பட்டறை வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் சமையல் கத்தி, கவாத்துக் கத்தி, தையற்காரர்களின் கத்தரிக்கோல். கூர் போடக் கொடுக்கிறவர்கள் கூடவே ஒன்றைக் கேட்பார்கள்: எந்த பிராண்ட் நல்லது? அதையே பல விதமாகக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஜெர்மன் ஹை கார்பன் ஸ்டீல்’ என்று போட்டிருந்த கத்தியை வாங்கினேன். 1,999 ரூபாயை அடித்துவிட்டு 449 என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது வாரமே தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, கோத்தகிரி)

அந்த 1,999ஐ மறந்துவிடுங்கள், அம்மா. அடித்துக் காட்டும் விலை கத்தியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீங்கள் வாங்கியது 449 ரூபாய்க் கத்தி. அப்படி வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

‘ஜெர்மன் ஸ்டீல்’ என்றால் ஜெர்மனியில் செய்த கத்தி என்று அர்த்தமில்லை. ஜெர்மன் தர எண் உள்ள எஃகை எந்த நாட்டு ஆலையும் உருக்கலாம். பேர்பெற்ற ஜெர்மன் சமையல் கத்திகள் பலவற்றில் இருப்பது 1.4116 என்ற எஃகு. அதில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். கார்பன் கடினத்தைத் தரும், குரோமியம் துருவைத் தடுக்கும். பொதுவாக 0.6 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ஹை கார்பன் என்பார்கள். ஆக, அசல் ஜெர்மன் கத்திக்கே அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தாது. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பதும் அப்படித்தான். அப்படி ஒரு தரமே கிடையாது, காதுக்கு நன்றாக இருக்கும் பெயர், அவ்வளவுதான்.

பெட்டியில் இரண்டு விஷயம் தேடுங்கள். எஃகின் தர எண் என்ன? ராக்வெல் கடினம் (எஃகு எவ்வளவு கெட்டி என்று அளக்கும் எண், கூடினால் கெட்டி) எத்தனை? இரண்டையும் எழுதுகிற கம்பெனி, யாராவது சோதித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. அதைத்தான் நான் மதிக்கிறேன். இரண்டும் இல்லாமல் கொடிப் படமும் தொப்பி போட்ட சமையல்காரர் படமும் மட்டும் இருந்தால் யோசியுங்கள். தர எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. ஒரே எஃகை ஒருவர் நன்றாகத் தோய்ச்சல் போட்டு, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கி, ராக்வெல் 56, 57க்குக் கொண்டு வருவார். இன்னொருவர் அவசரத்தில் 52ல் விட்டுவிடுவார். பெயர் இரண்டிலும் ஒன்றுதான்.

கத்தியை இப்போதே தூக்கிப் போடாதீர்கள். மேடைக் கல்லிலோ கண்ணாடிப் பலகையிலோ நறுக்கினால் எந்தக் கூரும் மடங்கிவிடும். மரப் பலகைக்கு மாறுங்கள். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும். அதில் கத்தியைச் சுமார் 20 டிகிரி சாய்வில் வைத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்து தடவை மெதுவாக இழுங்கள். அப்புறமும் இரண்டே நாளில் மழுங்கினால் எஃகு மெத்தென்று இருக்கிறது. இரண்டு வாரம் தாங்கினால் கத்தி மேல் குற்றமில்லை.

கேள்வி: காந்தம் ஒட்டினால் நல்ல எஃகு என்கிறார்களே? (கேத்தி)

ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள். டிபன் பாக்ஸ், தட்டு செய்யும் 304 போன்ற எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அதைச் சூடேற்றித் தோய்ச்சல் போட்டாலும் கடினமாகாது. ஒட்டினால், கத்திக்கு உதவும் வகையாக இருக்கலாம், அவ்வளவுதான். சாதாரண இரும்பு ஆணியிலும்தான் காந்தம் ஒட்டுகிறது.

கேள்வி: மகனுக்குச் சமையலில் ஆசை. பிறந்தநாளுக்கு ‘67 அடுக்கு டமாஸ்கஸ்’ கத்தி வாங்கலாமா? ‘பழங்கால முறையில் செய்தது’ என்று போட்டிருக்கிறது. (வெலிங்டன்)

அழகுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். வெட்டுவதற்கு 67 அடுக்கும் உதவாது. நடுவில் கடினமான தகடு ஒன்று, அதன் ஒவ்வொரு பக்கமும் மென்மையான 33 அடுக்குகள்: கூட்டினால் 67. கூர் நிற்பது நடுத் தகட்டில்தான். அது ஜப்பானின் விஜி-10 என்றால் கார்பன் சுமார் 1 சதவீதம், கடினம் 60 அளவில் இருக்கும், நல்ல எஃகு. நடுத் தகடு என்னவென்றே எழுதாமல் அடுக்கு எண்ணிக்கையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். மலிவான சிலவற்றில் அடுக்கே இருக்காது. லேசரிலோ அமிலத்திலோ மேலாகக் கோலம் போட்டிருப்பார்கள். ஒரே மாடலில் இரண்டு கத்தியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலம் அச்சாக ஒன்றாக இருந்தால் அது படம்தான்.

‘பழங்கால முறை’ என்பதைப் பற்றி கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், மனசு கேட்கவில்லை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் பேரெல்லாம் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய உருக்கினால் வந்தது. வெள்ளைக்காரர்கள் அதை ‘ஊட்ஸ்’ என்றார்கள். நம் ‘உருக்கு’, கன்னட ‘உக்கு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் மலைக்குக் கீழே, ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். மண் மூசையில் (உருக்குவதற்கான சின்ன மண் குடுவை) இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து மூடி உருக்கி, மெல்ல ஆறவிடுவார்கள். அந்தக் கட்டியைக் கவனமாக அடித்து நீட்டும்போது நீரலை போன்ற வரிகள் எஃகுக்குள்ளிருந்தே எழும்பும். இன்று கடையில் கிடைப்பது இரண்டு வகை எஃகை மடித்து ஒட்டிய அடுக்கு. அதுவும் ஒரு வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது இது அல்ல. நம் ஊர்க்காரர்களின் கைவேலைப் பெயரை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் அந்த வித்தியாசத்தையாவது சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கவாத்துக்கு வெளிநாட்டு பிராண்ட் கத்தி வாங்கவா, கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கச் சொல்லவா? (மஞ்சூர்)

கொல்லரிடமே போங்கள். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் அளவில் இருக்கும், கூடவே சிலிக்கானோ குரோமியமோ. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. காய்ந்த தேயிலைக் கட்டையில் ஓங்கிப் போட்டாலும் உடையாது. 60 கடினமுள்ள விலையுயர்ந்த கத்தியை அப்படிப் போட்டால் சில்லு பெயர்ந்துவிடும். தோட்டத்திலேயே அரத்தால் தீட்டிக்கொள்ளும் அளவுக்குக் கடினம் இருந்தால் போதும், ஏனென்றால் கவாத்து நாளில் எத்தனை தடவை தீட்டுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். நீலகிரியில் இது புதிதல்ல. படகர்களுக்கும் தோடர்களுக்கும் இரும்பு வேலை செய்து கொடுத்தவர்கள் கோத்தர்கள்.

வாங்கும்போது அரத்தைக் கையோடு கொண்டு போங்கள். கூரில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் அதிகம், சீக்கிரம் சில்லு போகும். சோப்புக் கட்டியில் போல் ஆழமாக இறங்கினால் தோய்ச்சலே இல்லை. லேசாகக் கடித்துக்கொண்டு போக வேண்டும். கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி வரும் கத்திகளையும் இதே அரத்தால் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் வெறும் தகடு இருந்து பார்த்திருக்கிறேன்.

மழுங்கிய கத்தி கிளையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் தண்ணீர் நின்று அழுகல் வரும், செடி அடுத்த கவாத்து வரை அதைச் சுமக்கும். சாய்வாக, ஒரே வீச்சில், சுத்தமாக வெட்டு விழ வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

விரல் பருமன் கிளைகளுக்குக் கத்தரி வாங்குவதானால் மட்டும் பிராண்டுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ போன்றவற்றில் அலகு, ஸ்பிரிங், திருகு எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம். வாங்குமுன் உதிரிபாகம் கோயம்புத்தூரிலாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஹென்கெல்ஸ் பெயரில் ஒரு கத்தி மூன்று மடங்கு விலை. ஏன்? (ஊட்டி)

சின்னத்தைப் பாருங்கள். இரண்டு மனித உருவம் இருந்தால் அது ஸ்வில்லிங், அந்தக் கம்பெனியின் மேல் வரிசை. ஒரே உருவம் இருந்தால் குறைந்த விலை வரிசை. கூடவே ‘சோலிங்கன்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெர்மனியின் அந்த ஊர்ப் பெயரை யாரும் இஷ்டத்துக்குப் போட முடியாது. அதற்கு 1938லிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

கேள்வி: செராமிக் கத்தி? (அருவங்காடு)

பழம் நறுக்க நன்றாக இருக்கும். கீழே விழுந்தால் உடையும். வீட்டுச் சாணைக்கல்லில் கூர் ஏறாது.

கேள்வி: அண்ணா, ஹோட்டலில் வேலை செய்கிறேன். தினமும் கேரட், பீட்ரூட், கோஸ் மூட்டைக் கணக்கில். முதல் சம்பளத்தில் ஜப்பான் கத்தி வாங்கலாமா? (ஊட்டி)

தம்பி, அந்தக் கத்தியை நீங்கள் மட்டும்தான் தொடுவீர்களா? அப்படியானால் வாங்குங்கள். 60 கடினம், மெல்லிய அலகு. கேரட்டில் வெண்ணெய்போல் இறங்கும், கூர் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் பூசணியில் செருகித் திருகக் கூடாது, எலும்பில் படக் கூடாது. நாலு பேர் கை மாறுகிற அடுக்களையில் ஒரு வாரத்தில் கூர் பல் பல்லாகிவிடும். அங்கே விக்டோரினாக்ஸ் மாதிரி 55, 56 கடினமுள்ள கத்திதான் சரி. மடங்கும், ஆனால் பெயராது. ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். எதை வாங்கினாலும் 1000 கிரிட் தண்ணீர்க் கல் (நனைத்துத் தீட்டும் கல், கிரிட் என்பது அதன் சொரசொரப்பு அளவு) ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். கல் இல்லாமல் நல்ல கத்தி வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கார்பன் ஸ்டீல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், ஆனாலும் துரு வருகிறது. (கூடலூர்)

கழுவியதும் ஈரம் போகத் துடைத்த பிறகே எண்ணெய் தடவுங்கள். ஈரத்தின் மேல் தடவினால் துரு அடியில் வளரும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், அலகு முழுக்கப் பரவாது. உருக்கித் துணியில் தொட்டுத் தேயுங்கள். கவாத்துக் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய் மேல். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். இந்த மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும்.

கேள்வி: விலையுயர்ந்த கத்தியை மெஷின் சாணைக்குக் கொடுக்கலாமா? (குன்னூர்)

பட்டறை தொடங்குவதற்கு முன்பு, நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் கார்பன் ஸ்டீல் கத்தியை ஒரு கடையில் கொடுத்தேன். உலர்ந்த கல்லில் தீப்பொறி பறக்க அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தால் நுனி ஓரமாக மயில்கழுத்து நீலம். அந்த நிறம் சுமார் 300 டிகிரியில் வருவது. தோய்ச்சல் இளகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அந்த இடத்தில் மட்டும் கூர் நிற்கவே இல்லை. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தண்ணீர்க் கல்லில் தேய்த்து எடுக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. கத்தி மூன்று மில்லிமீட்டர் குறுகிவிட்டது.

மெஷினில் கொடுக்கலாம். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் இடையில் கத்தி தண்ணீரில் முங்க வேண்டும். வாளியில் தண்ணீர் இல்லையென்றால் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.