வாசகர் கேள்வி: பனியில் வைஃபை மொடியூல் படுத்துவிடுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அப்பா ஒரு காளான் குடில் போட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் போனில் பார்க்கலாம் என்று ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் போர்டில் ஈஎஸ்பி-01 வைஃபை மொடியூலைப் பூட்டினேன். சில நேரம் நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் அதில் சேரப் போகும்போது நீல லைட் மின்னிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது. மல்டிமீட்டர் வைத்தால் 3.3 வோல்ட் சரியாகத்தான் காட்டுகிறது. பனிமூட்டம்தான் சிக்னலைக் கெடுக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா?
– உயர்தர மாணவர், ஹட்டன்

பதில்: பனியை விட்டுவிடுங்கள் தம்பி, அது பாவம். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை, அதுவும் வீட்டுக்கும் குடிலுக்கும் இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில். உங்கள் மொடியூலுக்குக் கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான்.

ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கக்கூடியது 50 மில்லிஅம்பியர். உங்கள் மொடியூலில் இருக்கும் ஈஎஸ்பி8266 சிப் சும்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். வாய் திறந்து அனுப்பத் தொடங்கினால் 170 வரைக்கும் இழுக்கும், சில கணங்களில் அதற்கு மேலும் போகும். அந்த இழுவையில் 3.3 வோல்ட் சட்டென்று கீழே இறங்க, சிப் மயங்கி விழுந்து எழும்புகிறது. இறங்கி ஏறுவது எல்லாம் மில்லிசெக்கன்ட் கணக்கு. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு.

செய்ய வேண்டியது என்ன? நல்ல 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் ஒன்றின் வழியாக மொடியூலுக்குத் தனியாக மின்சாரம் கொடுங்கள், ஊனோவின் கிரவுண்டையும் இதன் கிரவுண்டையும் மறக்காமல் ஒன்றாக இணையுங்கள், மொடியூலின் கால்களுக்கு மிகப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபரட் ஒன்றையும் போடுங்கள். கப்பாசிட்டரை ஒரு சாண் வயருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதாதீர்கள். அப்புறம், ஊனோ பேசுவது 5 வோல்ட்டில், மொடியூலுக்கு 3.3 தான் தாங்கும். ஊனோ அனுப்பும் வயரில் 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து மொடியூலின் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின்னுக்கு எடுத்தால் 3.3 கிடைக்கும். திரும்பி வரும் வயருக்கு ஒன்றும் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால், உங்கள் வேலைக்கு ஊனோவே தேவையில்லை. அந்தச் சிப்புக்குள்ளேயே புரோகிராம் ஓடும், ஊனோவை விட வேகமாகவும் ஓடும். அதே சிப் வைத்த நோட்எம்சியு போர்ட் ஒன்றை வாங்கினால் ரெகுலேட்டரும் அதிலேயே இருக்கும், இந்த வோல்ட் தகராறும் இல்லை. சென்சரை மட்டும் குடிலுக்குள் விட்டு, போர்டை வெளியே நனையாத இடத்தில் வையுங்கள். சிக்னலுக்கு ஒன்றும் செய்யாத ஈரம், போர்டில் நீராகப் படிந்தால் சும்மா விடாது.

கேள்வி: தண்ணீர் மோட்டரைப் போனிலிருந்து ஓன், ஓஃப் பண்ண ஈஎஸ்பி32 வைஃபை மொடியூல் வைத்து ஒரு கொன்ட்ரோலர் செய்தேன். மேசையில் அருமையாக வேலை செய்தது. பழைய தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் செத்துவிட்டது. மூடியைத் திறந்தால் உயிர் வருகிறது!
– ரிப்பெயர் கடைக்காரர், பண்டாரவளை

பதில்: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் அண்ணே. தகரத்துக்குள் ரேடியோவை அடைத்தால் அலை எப்படி வெளியே வரும்? பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுவதுதான் மலிவான வழி. மொடியூலின் நுனியில் பாம்பு மாதிரி நெளிந்து போகும் செப்புக்கோடுதான் அன்டெனா. அந்த நுனி போர்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், அதற்குக் கீழே செப்போ வயரோ வேண்டாம், சுற்றி குறைந்தது 15 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். மோட்டரை ஓன், ஓஃப் பண்ணும் ரிலேயை அதன் மேல் ஒட்டி வைப்பதைப் பலரும் செய்கிறார்கள். செய்யாதீர்கள்.

தகரப் பெட்டிதான் வேண்டும் என்றால் ஈஎஸ்பி32-இல் வ்ரூம்-32யு என்ற வகையை வாங்குங்கள். அதில் செப்புக்கோட்டுக்குப் பதிலாகச் சின்ன சொக்கெட் இருக்கும், வயர் வைத்து அன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவரலாம். லயன் வீட்டில் கூரையும் தகரம், சில இடங்களில் தடுப்பும் தகரம் என்பதால் ரௌட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அன்டெனாவை வையுங்கள். ரௌட்டர் 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடினால் ஈஎஸ்பி32 அதைப் பார்க்கவே பார்க்காது, அதையும் ஒரு தடவை பாருங்கள். 230 வோல்ட் போகும் பக்கத்தையும் மொடியூல் பக்கத்தையும் போர்டில் நன்றாகப் பிரித்து வையுங்கள். ஈரமான ஊர் நம்முடையது.

கேள்வி: மலை உச்சியில் மழைமானி, இரண்டு கிலோமீட்டர் கீழே ஒபிஸ். வைஃபை எட்டுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: சாதாரண மொடியூலில் எட்டாது அக்கா. தூரத்துக்கு அனுப்பும் லோரா ரேடியோ மொடியூலைப் பாருங்கள். சில பைட் தகவலை மெதுவாகத்தான் அனுப்பும், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல அது தாராளம். இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மேடு வந்தால் போச்சு, நனைந்த மரக்கூட்டமும் நிறையவே விழுங்கும். வாங்குவதற்கு முன் எந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அன்டெனாவும் அதே அலைவரிசைக்கு உரியதாக இருக்கட்டும். அன்டெனாவைப் பூட்டாமல் மட்டும் பவர் போட்டுப் பார்க்க வேண்டாம், அனுப்பும் பகுதி எரிந்துபோக இடமுண்டு.