ராயல்டி கணக்கில் மைனஸ்: பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் வெளியான உங்கள் புத்தகத்துக்குப் பதிப்பகம் அனுப்பிய ராயல்டி கணக்கில் இந்த முறை மைனஸ் 310 பிரதிகள் என்று இருப்பதாகவும், பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை. அந்த மைனஸ் அடுத்த கணக்குகளில் கழியும், உங்கள் பெயருக்கு பில்லாக வராது.

முதல் கணக்கில் 900 விற்றதாக இருந்ததே என்கிறீர்கள். அது வாசகர்கள் வாங்கிய எண்ணிக்கை அல்ல, கிடங்கிலிருந்து கடைகளுக்குப் போன எண்ணிக்கை. அமெரிக்காவில் விற்காத புத்தகத்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். 1930களின் பெருமந்தத்தில் கடைகளுக்குக் கொடுத்த சலுகை இது, இன்றும் நிற்கிறது. சிறிய இலக்கியப் பதிப்பகங்களை இது ரொம்பவே வாட்டுகிறது. உங்கள் 310-ம் பெரும்பாலும் இப்படித் திரும்பியவைதான்.

ஒப்பந்தத்தில் ராயல்டி பகுதியை எடுத்துப் பாருங்கள். கடைகளிலிருந்து திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்காக ராயல்டியில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாக எழுதியிருக்கிறதா? அப்புறம் பதிப்பகத்துக்கு எழுதி, அனுப்பியது, திரும்பியது, நிறுத்திவைத்தது மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: கூடுதலாகக் கொடுத்த ராயல்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தாலோ, கணக்கில் மின்நூல் விற்பனைக்கு நேராகவும் பெரிய மைனஸ் வந்திருந்தாலோ நான் சொன்னது பொருந்தாது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்ட் தன் உறுப்பினர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்கிறது, அங்கே காட்டுங்கள்.